ரிஃப்டென் பாதாளத்தில் ஒரு நாற்காலி: ஸ்கைரிமின் திருடர் சங்கத்தை மீட்டெடுக்கும் வழி

2011 நவம்பர் 11 அன்று வெளிவந்த ‘ஸ்கைரிம்’ வீடியோ விளையாட்டில் திருடர் சங்கத்தின் தலைவராவது எப்படி என்று கேட்டால், கதையை முடித்தால் தானாகவே தலைவராகிவிடலாம் என்றுதான் பலரும் சொல்வார்கள். முதல்முறை விளையாடியபோது நானும் அப்படித்தான் நம்பினேன். சங்கத் தலைவன் மெர்சர் ஃப்ரேயின் விவகாரத்தைத் தீர்த்து, கதையின் கடைசிப் பணியான கடைசிக் குவெஸ்டையும் முடித்துவிட்டு, முடிசூட்டு விழாவை எதிர்பார்த்து ரிஃப்டென் நகரின் பாதாளத்துக்குத் திரும்பினால், அங்கே நான் முதல் நாள் பார்த்த அதே இருட்டும் அதே காலி மாடங்களும்தான் இருந்தன. என்னைச் சங்கத்தில் சேர்த்த பிரின்யோல்ஃப் வழக்கம்போல் பேசினானே தவிர, தலைமைப் பொறுப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. சங்கத்தின் செல்வாக்கை நான்கு நகரங்களில் மீட்டெடுக்காதவரை அந்த விழா நடக்காது என்பதும், அதற்குக் குறைந்தது 20 சிறு வேலைகளும் 4 பெரிய வேலைகளும் செய்தாக வேண்டும் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கதை முடிந்துவிட்ட பிறகு அந்த 20 வேலைகளையும் ஒரே மூச்சில் செய்தது, அறுவடை முடிந்த வயலில் தனியாக நின்று நாற்று நட்டதைப் போலிருந்தது.

அந்த வேலைகளைக் கதை முடியும்வரை தள்ளிப்போடாமல், சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்தே கதையோடு இணைத்துச் செய்துவருவதற்கான வழிமுறையே இக்கட்டுரை. அலுப்புத் தட்டாது என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. ஒவ்வொரு நகரம் வசமாகும்போதும் சங்கத்தின் இருப்பிடம் கண்ணெதிரே மாறுகிறது. புதிய வியாபாரிகள் வந்து சேர்கிறார்கள். திருட்டுச் சரக்கு வாங்குபவர்களின் கைவசமுள்ள காசும் உயர்கிறது. இந்தப் பயன்களெல்லாம் உங்கள் பாத்திரம் ஏழையாக இருக்கும் தொடக்க காலத்தில்தான் உண்மையிலேயே தேவைப்படுகின்றன. ஐம்பதாம் லெவலில் கையில் லட்சம் காசு வைத்திருப்பவருக்கு இன்னொரு அம்பு வியாபாரி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? கதையின் முக்கியத் திருப்பங்களை இங்கே வெளிப்படுத்தவில்லை; ஆனால் சில பெயர்களையும் இடங்களையும் சொல்லாமல் இருக்க முடியாது.

சேரும்போது கவனிக்க வேண்டியவை

ரிஃப்டென் சந்தையில் பகல் நேரத்தில் பிரின்யோல்ஃப் உங்களை வலிய அழைத்துப் பேசுவான். மதேசி என்னும் நகை வியாபாரியின் பெட்டியிலிருந்து வெள்ளி மோதிரத்தை எடுத்து, பிராண்ட்-ஷேயின் சட்டைப்பையில் அவனுக்குத் தெரியாமல் போட வேண்டும் என்பதுதான் அவன் கேட்கும் காரியம். இதில் தோற்றுவிட்டால் எல்லாம் போயிற்று என்று பயந்து பலமுறை சேவ் கோப்பை மீண்டும் ஏற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தேவையே இல்லை. பிடிபட்டாலும் பிரின்யோல்ஃப் உங்களைப் பாதாளத்துக்கு வரச் சொல்லத்தான் செய்வான். அதன் பின் ராட்வே என்னும் சாக்கடைப் பாதையைக் கடந்து ‘ராக்ட் ஃபிளாகன்’ மதுக்கடையை அடைந்ததும், கீராவா, பெர்சி, ஹேல்கா ஆகிய மூவரிடமிருந்து கடன் வசூலிக்கும் வேலை தரப்படும். இந்த மூவரில் யாரையும் கொல்லாதீர்கள். மிரட்டுவது, பொருளை உடைப்பது, முஷ்டியால் அடிப்பது வரைதான் சங்கத்தின் நியாயம் அனுமதிக்கிறது.

வசூலை ஒப்படைத்ததும் சங்கத்தின் மைய மண்டபமான சிஸ்டர்னுக்குள் நீங்கள் அனுமதிக்கப்படுகிறீர்கள். இனிமேல் ராட்வேயின் இருட்டில் ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டியதில்லை. மாரா கோயிலையொட்டிய இடுகாட்டில் ஒரு கல்லறை மண்டபம் இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் கல் பொத்தானை அழுத்தினால் படிக்கட்டு திறந்து நேராக சிஸ்டர்னில் கொண்டுபோய் விடும். இருபது முறைக்கு மேல் போய்வர வேண்டிய இடம் என்பதால், இந்த வழியை முதல் நாளே பழகிக்கொள்வது நல்லது.

திருட்டுச் சரக்கை வாங்கும் சங்கத்து ஆளான டோனிலியாவிடம் சங்கத்தின் தோலாடையை வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு அவள் ஒரு சிறு எடுபிடி வேலையும் வைத்திருப்பாள்: ரி’சாத் என்னும் கஜீத் (பூனை உருவ இனம்) வணிகனிடம் மூன் சுகர் என்னும் போதைச் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கேட்க அற்பமாகத் தோன்றும் இந்த வேலையைத் தவறாமல் செய்யுங்கள். அதன் பின் நாடெங்கும் சுற்றும் மூன்று கஜீத் வணிகக் கூட்டங்களிலும் தலா ஒருவர் உங்களிடம் திருட்டுச் சரக்கை வாங்கத் தொடங்குவார்.

டெல்வினும் வெக்ஸும்

சங்கத்தின் சிறு வேலைகளைத் தருபவர்கள் இருவர். டெல்வின் மாலரி மதுக்கடையில் மேசையருகே உட்கார்ந்திருப்பான். வெக்ஸ் அதே கடையில் சுவரோரம் நின்றுகொண்டிருப்பாள். டெல்வினிடம் மூன்று வகை வேலைகளும் வெக்ஸிடம் நான்கு வகை வேலைகளும் உண்டு. வகையை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். எந்த நகரம், எந்த வீடு, எந்த ஆள் என்பதை விளையாட்டே முடிவு செய்கிறது. இருவரிடமிருந்தும் ஒரே நேரத்தில் தலா ஒரு வேலையை வாங்கிக்கொள்ளலாம் என்பதை முதலில் மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். பாதிப்பேர் ஒருவரிடம் வேலை வாங்கி, முடித்து, திரும்பி வந்து, பிறகு மற்றவரிடம் போகிறார்கள். இதனால் பயணம் இரட்டிப்பாகிறது.

டெல்வினின் வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது ‘நம்பர்ஸ்’. ஒரு கடைக்குள் புகுந்து, அங்கே இருக்கும் கணக்குப் பேரேட்டில் எண்களை மாற்றி எழுதிவிட்டு வர வேண்டும். எதையும் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. சட்டைப்பையில் கைவிட வேண்டியதும் இல்லை. பேரேடு பெரும்பாலும் கல்லாவுக்குப் பின்னாலோ, முதலாளி தூங்கும் அறையிலோ இருக்கும். ஒருமுறை வைட்ரனில் ஒரு கடைக்குப் பகலிலேயே போனேன். கடைக்காரர் கல்லாவை விட்டு அசையவே இல்லை. பேரேடோ அவர் முழங்கைக்கு அருகில் கிடந்தது. பூட்டை உடைக்க வேண்டாம் என்று பகலில் வந்தது தவறான கணக்காகிவிட்டது. வெளியே வந்து, விடுதியில் அறை எடுத்து, இரவு ஒரு மணி வரை காத்திருந்து, பூட்டைத் திறந்து உள்ளே போனபோது அவர் மாடியில் உறங்கிக்கொண்டிருந்தார். கீழே அடுப்பின் தணல் மட்டும் எரிந்தது. குனிந்தபடியே கல்லாவைச் சுற்றிப் போய், யாரும் நம்மைப் பார்க்கவில்லை என்று காட்டும் விதமாகத் திரையில் கண் சின்னம் முழுதாக மூடியதைப் பார்த்த பிறகு பேரேட்டில் கை வைத்தேன். உள்ளே இருந்த நேரம் அரை நிமிடத்துக்கும் குறைவு. கடைகள் பொதுவாக இரவு எட்டு மணிக்கு மூடிவிடுகின்றன. அதன் பிறகு உள்ளே இருப்பதே அத்துமீறல் குற்றம் என்றாலும், தூங்குபவர் கண்ணில் படாதவரை அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை.

டெல்வினின் இரண்டாவது வகையான ‘ஃபிஷிங்’, குறிப்பிட்ட ஒருவரின் சட்டைப்பையிலிருந்து குறிப்பிட்ட பொருளை ஜேப்படி செய்வது. ஜேப்படியில் உங்கள் திறமை எவ்வளவு உயர்ந்தாலும் வெற்றி வாய்ப்பு 90 விழுக்காட்டைத் தாண்டாது. தொடக்கத்தில் அது அதற்கும் வெகு கீழேதான் இருக்கும். எனவே இவ்வகையைத் திறமை வளரும்வரை ஒத்திப்போடுவதே என் பழக்கம். மூன்றாவதான ‘பெட்லம்’ நேர்மாறானது: ஒரு நகரத்தில் 500 காசு மதிப்புள்ள பொருட்களை எப்படியாவது திருட வேண்டும், அவ்வளவுதான். இதில் புதியவர்கள் செய்யும் பிழை, கண்ணில்பட்ட ரொட்டி, கிண்ணம், மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் மூட்டை கட்டுவது. அப்படிச் செய்தால் ஐம்பது பொருளைத் தூக்க வேண்டிவரும். ஐம்பது முறை பிடிபடும் அபாயமும் சேர்ந்துவரும். நகைப் பெட்டி, மாயம் ஏற்றிய ஆயுதம், விலை உயர்ந்த கவசம் என இரண்டு மூன்று பொருள்களில் கணக்கை முடியுங்கள். திருடியது முழுவதும் உங்களுக்கே என்பதால், கூலியும் சரக்கின் விலையுமாகச் சேர்த்துப் பார்த்தால் வருமானம் அதிகமான வேலை இதுதான்.

வெக்ஸின் வேலைகளை இவ்வளவு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ‘பர்க்ளரி’ என்றால் ஒரு வீட்டிலிருந்து ஒரு பொருள். ‘ஸ்வீப்’ என்றால் ஒரே வீட்டிலிருந்து மூன்று பொருள்கள். ‘ஹைஸ்ட்’ என்றால் கடையின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் பொருள். ‘ஷில்’ என்றால் திருட்டுப் பொருளை யாரோ ஒருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்து அவரை மாட்டிவிடுவது. பூட்டுத் திறக்கும் திறமை குறைவாக இருக்கும்போது ‘ஷில்’ எளிது. எடுப்பதைவிட வைப்பது சுலபம். மனச்சாட்சிக்கு மட்டும் அது மற்ற மூன்றையும்விட உறுத்தும் என்பது என் அனுபவம். மார்கார்த்தில் யாரோ ஒரு வீட்டுக்காரர் செய்யாத குற்றத்துக்கு அகப்பட்டுக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து, ஒரு கணம் கதவருகே நின்றிருக்கிறேன். பிறகு கூலி நினைவுக்கு வந்தது.

வேலையின்போது யாரையும் கொல்லக் கூடாது என்பது சங்கத்தின் விதி. கொலை நடந்தால் கூலி கிடையாது என்பதை வேலை தருபவர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். இந்த விதி வெறும் அலங்காரப் பேச்சன்று. கொலைக்கு விதிக்கப்படும் தண்டத்தொகை 1,000 காசு, ஜேப்படிக்கு 25, அத்துமீறி நுழைவதற்கு 5. இந்த மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மாட்டிக்கொண்ட திருடன் கத்தியை உருவாமல் கையை உயர்த்துவதே லாபம் என்பது விளங்கும். தண்டத்தொகை அந்தந்த மாகாணத்தோடு நின்றுவிடுகிறது என்பதும் வசதிதான். விண்ட்ஹெல்மில் சேர்ந்த தண்டத்துக்காக மார்கார்த் காவலர் உங்களைப் பிடிக்க மாட்டார்.

நான்கு நகரங்கள், நான்கு கோடுகள்

வைட்ரன், மார்கார்த், சாலிட்யூட், விண்ட்ஹெல்ம் ஆகிய நான்கு நகரங்களில் ஒவ்வொன்றிலும் ஐந்து சிறு வேலைகள் முடிந்தால், அந்த நகரத்துக்கு உரிய பெரிய வேலை ஒன்றை டெல்வின் தருவான். எந்த நகரத்தில் எத்தனை முடிந்திருக்கிறது என்பதை விளையாட்டு உங்களுக்குக் காட்டுவதில்லை. இதுதான் இந்தப் பகுதியின் பெரிய குறை. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு நகரங்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு வேலை முடிந்ததும் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டு வாருங்கள். நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவதைப் போடும் பழைய மளிகைக்கடைக் கணக்கு இதற்குப் போதும்.

ஐந்து முடிந்த நகரத்தில் ஆறாவது வேலை செய்வதால் காசு கிடைக்குமே தவிர, தலைமைக்கான கணக்கில் அது சேராது. அப்படி ஏற்கெனவே முடிந்த நகரம் வந்து விழும்போது என்ன செய்வது? வேலை தந்தவரிடம் அப்போதே திரும்பப் பேசி, அந்த வேலையைக் கைவிடுவதாகச் சொல்லிவிடுங்கள். அதற்குத் தண்டனை எதுவும் இல்லை. உடனே அதே வகை வேலையை மீண்டும் கேட்டால் வேறு நகரம் வர வாய்ப்புண்டு. வரவில்லையென்றால் மறுபடி கைவிட்டு மறுபடி கேளுங்கள். டெல்வின் முகம் சுளிப்பதில்லை. நமக்குத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

இந்த உத்தியை வைத்து நான் செய்வது இதுதான். ஒரு நகரத்தை முதலில் தேர்ந்துகொள்கிறேன். டெல்வினிடமும் வெக்ஸிடமும் அந்த நகரம் வரும்வரை கேட்டு, இரு வேலைகளையும் ஒரே பயணத்தில் முடிக்கிறேன். மூன்று பயணங்களில் ஆறு வேலைகள் முடியும். அதில் ஐந்துதான் தேவை என்பதால் மூன்றாவது பயணத்தில் இருவரில் ஒருவரின் வேலையை அடுத்த நகரத்துக்கு மாற்றிக்கொள்கிறேன். நகரங்களின் வரிசையைக் கதையோடு பொருத்துவது இன்னும் நல்லது. ரிஃப்டென் வரைபடத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. சாலிட்யூட் நேர் எதிரே வடமேற்கில். கதை உங்களை ஹனிங்பிரூ மது ஆலைக்காக வைட்ரன் பக்கம் அனுப்பும்போது வைட்ரன் வேலைகளையும், குலும்-ஐயைத் தேடிச் சாலிட்யூட் போகும்போது சாலிட்யூட் வேலைகளையும், கால்செல்மோவின் அருங்காட்சியகத்துக்காக மார்கார்த் போகும்போது மார்கார்த் வேலைகளையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டு கிளம்பினால், நடந்த தூரம் வீணாகாது. விண்ட்ஹெல்ம் மட்டும் தனியாக நிற்கும். அதை எப்போது வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம்.

பெரிய வேலைகளில் மார்கார்த்தில் கேட்பவர் வெள்ளி வேலை செய்யும் எண்டன். அவருடைய அச்சை ஒரு கொள்ளைக்கூட்டம் பறித்துச் சென்றிருக்கிறது. ஃபால்க்ரீத் பக்கமுள்ள பைன்வாட்ச் என்னும் வீட்டின் நிலவறைக்குள் ஒளிந்திருக்கும் கதவைத் திறந்து போய் அதை மீட்க வேண்டும். பெயருக்குத்தான் இது திருட்டு வேலை. உள்ளே ஆயுதம் ஏந்தியவர்கள் நிறையப் பேர் இருப்பதால் நல்ல வில்லுடன் போங்கள். சாலிட்யூட்டில் செல்வந்தர் எரிக்கூர், தன்னை ஏமாற்றிய கப்பல் தலைவனைப் பழிவாங்க வேண்டும் என்கிறார். பால்மோரா ப்ளூ என்னும் கடத்தல் சரக்கை வாங்கி அந்தக் கப்பல்காரனின் பெட்டியில் ஒளித்து வைப்பதுதான் திட்டம். சபீன் நைட் என்பவளிடம் பணம் கொடுத்தும் அதை வாங்கலாம். ஆனால் அவள் தன் சரக்கைத் துறைமுகத்துக்கு அருகே நீருக்கடியில் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறாள் என்பதைத் தெரிந்துகொண்டவர் மடியை அவிழ்க்க மாட்டார்.

வைட்ரனில் ஓல்ஃப்ரிட் பேட்டில்-போர்ன் தன் பழைய நண்பனைச் சிறைவாசத்திலிருந்து தப்புவிக்கக் கேட்பார். அதற்காக டிராகன்ஸ்ரீச் அரண்மனைக்குள் ஒரு கடிதத்தை எடுத்து, சிறைப் பதிவேட்டிலும் திருத்தம் செய்ய வேண்டும். நான்கிலும் மிகக் கச்சிதமான வேலை இதுவே. அரண்மனையில் பகலில் யாரும் நடமாடலாம் என்றாலும் ஆட்சியாளரான ஜார்லின் தனியறைப் பகுதி அப்படியல்ல; அங்கே போக இரவைத் தேர்ந்தெடுங்கள். விண்ட்ஹெல்மில் டோர்ஸ்டன் க்ரூயல்-சீயின் கோரிக்கை வேறு வகை. தன்னைத் திருடர் கூட்டம் என்று சொல்லிக்கொள்ளும் ‘சம்மர்செட் ஷாடோஸ்’ என்னும் எதிரணி அவர் குடும்பத்துக்கு இழைத்த கொடுமைக்குப் பதில் கேட்கிறார். சந்தையில் கடை போட்டிருக்கும் நிரன்யே வழியாகத் துப்பு கிடைத்து, அட்டரிங் ஹில்ஸ் குகைக்குப் போய் அவர்களின் தலைவன் லின்வேயை முடிக்க வேண்டும். கொலை கூடாது என்ற விதி இங்கே மட்டும் எப்படித் தளர்கிறது என்று யாரும் விளக்குவதில்லை. போட்டி நிறுவனத்துக்கு அந்த விதி பொருந்தாது போலும்.

காசு எங்கே அடைபடுகிறது

திருடுவது கடினமென்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் திருடியதை விற்பதுதான் கடினம். சாதாரண வியாபாரிகள் திருட்டுச் சரக்கைத் தொட மாட்டார்கள். அதை வாங்குபவளான டோனிலியாவின் கையில் தொடக்கத்தில் இருப்பது 1,000 காசு. ஒரே இரவில் நீங்கள் தூக்கிவந்த கவசங்களும் மாயக்கத்திகளும் அதைப்போல் மூன்று மடங்கு பெறும். அவளுடைய காசு தீர்ந்தால் மீண்டும் நிரம்ப விளையாட்டுக் கணக்கில் 48 மணி நேரம் ஆகும். எனவே மூட்டை உங்கள் முதுகிலேயே கனத்துக்கொண்டிருக்கும், நடை தளரும், வேகப் பயணம் தடைபடும்.

பெரிய வேலைகளின் அருமை இங்கேதான் புலப்படுகிறது. ஒவ்வொரு நகரம் வசமாகும்போதும் திருட்டுச் சரக்கு வாங்குபவர்களின் காசு படிப்படியாக உயர்ந்து, நான்கும் முடிந்தபின் ஒவ்வொருவரிடமும் 4,000 வரை இருக்கும். அதோடு வாங்குபவர்களின் எண்ணிக்கையும் பெருகும். எண்டன் மார்கார்த்திலும் நிரன்யே விண்ட்ஹெல்மிலும் பெரிய வேலைகளுக்குப் பின் சேர்கிறார்கள். வைட்ரன் அருகே மாலஸ் மாக்கியஸ், சாலிட்யூட்டில் குலும்-ஐ, விண்டர்ஹோல்டில் எந்திர் ஆகியோர் கதையின் போக்கிலேயே கிடைக்கிறார்கள். திருடிய நகரத்திலேயே விற்றுவிட்டு வெறுங்கையோடு ரிஃப்டென் திரும்புவது அப்போது வழக்கமாகிவிடும். பேச்சுத் திறமையை 90க்கு உயர்த்தி அதில் ‘ஃபென்ஸ்’ என்னும் பெர்க்கை (சிறப்புத் திறனை) எடுப்பவர்கள், தாங்கள் முதலீடு செய்த கடைகளில் திருட்டுச் சரக்கை விற்கலாம்; ஆனால் அந்த அளவுக்குப் பேச்சு வளர்வதற்குள் சங்கத்தின் நான்கு நகரங்களையும் இருமுறை மீட்டுவிடலாம்.

சங்கத்தில் சேர்ந்த நாளன்றே ராக்ட் ஃபிளாகனின் சுவரோர மாடங்களை ஒருமுறை நன்றாகப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். நகரங்கள் ஒவ்வொன்றாக வசமாகும்போது அந்த இருட்டு மாடங்களில் விளக்கு எரியத் தொடங்கும். மூலிகையும் ரசமும் விற்கும் ஹெர்லுயின் லொத்தேர், வில்லும் அம்பும் விற்கும் சின்டஸ், கொல்லர் சரக்கு விற்கும் அர்ன்ஸ்கார், கவசம் விற்கும் வான்ரித் என ஒருவர் பின் ஒருவராக வந்து கடை போடுவார்கள். இவர்களோடு, பணம் வாங்கிக்கொண்டு பயிற்சி தரும் ஆட்களும் சங்கத்திலேயே உண்டு: டெல்வின் பதுங்குவதையும், வெக்ஸ் பூட்டுத் திறப்பதையும், நிரூயின் வில்வித்தையையும், விபிர் ஜேப்படியையும் கற்பிக்கிறார்கள். ஒரு லெவலுக்கு ஐந்து முறைதான் பயிற்சி எடுக்க முடியும். கூலியாக வாங்கிய காசைக் கூலி தந்தவனிடமே கொடுத்துப் பாடம் படிப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

அலமாரியும் கற்களும்

சிஸ்டர்னில் தலைவரின் மேசைக்கருகே உள்ள அலமாரியை நிரப்புவது கட்டாயமில்லை. நிரப்பினால் அழகு, காசும் உண்டு. கோல்டன்குளோ பண்ணையில் தேனீ ராணிச் சிலை, ஹனிங்பிரூ ஆலையில் மதுக்குடுவை, ரிஃப்ட்வீல்ட் மாளிகையில் கிரே ஃபாக்ஸின் மார்பளவுச் சிலை என்று கதை நடக்கும் இடங்களிலேயே இத்தகைய பொருட்கள் கிடக்கின்றன. எடுத்துவந்து டெல்வினிடம் கொடுத்தால் அவன் விலை தந்துவிட்டு அலமாரியில் வைப்பான். கதையின் அவசரத்தில் இவற்றைத் தாண்டிப் போய்விடாமல், ஒவ்வோர் இடத்திலும் மாடியையும் படுக்கையறையையும் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

பல இடங்களில் சிதறிக் கிடக்கும் ‘பாரென்சியாவின் கற்கள்’ என்னும் மணிக்கற்கள் வேறு கதை. மொத்தம் 24; முதல் கல்லை எடுத்த பிறகு, அதன் மதிப்பைத் தெரிந்துகொள்ள வெக்ஸிடம்தான் போக வேண்டும். இவற்றுக்காகத் தனியாக அலைவது வீண். டிராகன்ஸ்ரீச்சில் ஜார்லின் அறைப் பகுதி, சாலிட்யூட்டின் நீல மாளிகை, விண்ட்ஹெல்மில் ஷாட்டர்-ஷீல்ட் குடும்பத்தின் வீடு ஆகிய இடங்களிலும், சிஸ்டர்னில் தலைவரின் மேசை மேலேயும் கற்கள் இருக்கின்றன. ஓல்ஃப்ரிட்டின் வேலைக்காக அரண்மனைக்குள் நுழையும் அதே இரவில் அங்குள்ள கல்லையும் எடுத்துவிட்டால் இரண்டாம் முறை பதுங்க வேண்டியதில்லை.

தலைமை ஏற்கும்போதும் பின்பும்

நான்கு பெரிய வேலைகளும் கதையின் கடைசிக் குவெஸ்டும் முடிந்த பிறகு பிரின்யோல்ஃப் விழாவைப் பற்றிப் பேசுவான். அதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். கதையின் பிற்பகுதியில் உங்கள் கைக்கு வரும் ஸ்கெலிட்டன் கீ என்னும் சாவி எந்தப் பூட்டிலும் உடையாது. மிகக் கடினமான மாஸ்டர் தரப் பூட்டையும் பொறுமை ஒன்றை மட்டும் வைத்துத் திறந்துவிடலாம். அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் கதை முடியும், கதை முடிந்தால்தான் தலைமை. எனவே பூட்டு மிகுந்த ‘பர்க்ளரி’, ‘ஹைஸ்ட்’ வேலைகளில் மிச்சமிருப்பவற்றைச் சாவி கையில் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவியின் மேல் ஆசை வைத்து மாதக்கணக்கில் கடைசிக் குவெஸ்டைத் தொடாமல் சுற்றுபவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் ஒரு முறை அப்படிச் சுற்றியவன்தான்.

விழாவில் பேச்சால் பிறரை இணங்கவைக்க உதவும் தாயத்து ஒன்று உங்களுக்கு அணிவிக்கப்படும். பிறகு டோனிலியாவிடம் போனால் தலைவருக்குரிய கவச உடையைத் தருவாள். இதை மறந்துவிட்டுப் பழைய உடையோடு திரிபவர்கள் நிறைய. தலைவரின் மேசையருகே ஒரு காணிக்கைப் பெட்டி இருக்கும். சங்கத்தின் வருமானத்தில் உங்கள் பங்காகக் காசும் மணிக்கற்களும் அதில் அவ்வப்போது சேரும். நீங்கள் வேறு ஊர்களில் சுற்றிவிட்டுச் சில நாள் கழித்து வந்து திறப்பதே சரி. பக்கத்திலேயே நின்று காவல் காத்தால் நிரம்பாது. தலைவரான பின்னும் டெல்வினும் வெக்ஸும் உங்களுக்குச் சிறு வேலைகள் தந்துகொண்டுதான் இருப்பார்கள். வேலையை முடித்து வந்தால் பழைய தோரணையிலேயே கூலியை எண்ணிக் கொடுத்து, அடுத்தது என்ன வேண்டும் என்று கேட்பார்கள்.